பெற்றோர் வாக்கு எவருக்கு?

ஆண்டுதோறும் நம் ஊர்ப் பாடசாலைகளில் ஒரு தேர்தல் நடைபெறுகின்றது. அதற்குச் சுவரொட்டிகள் ஒட்டப்படுவதில்லை, ஒலிபெருக்கி முழங்குவதில்லை. மண்டபத்தின் முன்வரிசையில் இருப்பவர் ஒருவர் எழுந்து ஒரு பெயரை முன்மொழிவார், பின்வரிசையில் இருந்து மற்றொருவர் அதனை வழிமொழிவார், கைதட்டல் எழும், தேநீர் வரும், பெற்றோர் வீடு திரும்புவர். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் பொதுக்கூட்டம் இவ்வாறு இனிதே நிறைவெய்தும். பாராளுமன்றத் தேர்தலைப் பற்றித் தேநீர்க்கடை வாங்கில் இருந்து நள்ளிரவுவரை வாதிடும் நம்மவர், தம் பிள்ளைகள் பகற்பொழுதின் பெரும்பகுதியைக் கழிக்கும் இடத்தின் அலுவல்களை எவர் கையில் ஒப்படைக்கின்றோம் என்பதைப் பற்றி ஒரு நாழிகைதானும் சிந்திப்பதில்லை. இதனைச் சிறு விடயம் என்று ஒதுக்கிவிட நாம் ஆயத்தமாக இல்லை.

இச்சங்கம் எத்தகையது என்பதை முதலிற் கூறிவிடுவோம். ஏனெனில், அதில் உறுப்பினராய் இருக்கும் பெற்றோரிற் பலர் தாம் உறுப்பினர் என்பதையே அறியார். அதிபர் தம் பதவியின் பேரிற் சங்கத்தின் தலைவராவார். பணத்தைப் பொறுப்பேற்கும் பொருளாளர் பாடசாலை ஆசிரியருள் ஒருவர். செயலாளரையும் செயற்குழுவினரையும் பொதுச்சபை தெரிவு செய்கின்றது. 2006ஆம் ஆண்டிற் கல்வியமைச்சு தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கீழ்ப் பாடசாலை அபிவிருத்திக் குழு என மற்றோர் அமைப்பும் வந்தது. அதில் பெற்றோர், பழைய மாணவர், ஆசிரியர், நலன்விரும்பிகள் ஆகிய யாவருக்கும் இடமுண்டு. பெயர் எதுவாயினும் ஆகுக. பெற்றோர் தம் வாக்கினால் ஒருவரை அனுப்பிவைக்கும் ஆசனம் ஒன்று பாடசாலைக்குள் இருக்கின்றது என்பதே நாம் இங்கு எடுத்துக்கொண்ட பொருள்.

அந்த ஆசனத்தின் அதிகாரம் பெரிதன்று. ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ அதற்கு இயலாது. பாடத்திட்டத்தில் ஒரு வரியையும் அது திருத்த முடியாது. ஆயினும், பெற்றோரிடம் அறவிடும் பணம் எதற்குச் செலவாகின்றது, கற்றல் உபகரணத்துக்கென அரசு ஒதுக்கும் தரஉள்ளீட்டுப் பணம் உரிய காலத்திற் செலவாயிற்றா, மலசலகூடத்துக்குக் கதவு உண்டா, குடிநீர்த் தாங்கி கழுவப்படுகின்றதா, கணித ஆசிரியர் இன்றி ஒன்பதாம் வகுப்பு எத்தனை மாதமாய் இருக்கின்றது என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு. கேட்டதை எழுத்தில் இட்டு வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அனுப்பும் உரிமையும் உண்டு. கேட்கும் உரிமையைச் சிறிதென்று எண்ணுபவர், கேட்பாரற்ற பாடசாலை ஒன்றை ஒரு முறை போய்ப் பார்த்து வருவாராக.

இவ்வுரிமையின் பெறுமதி இன்று முன்னிலும் உயர்ந்திருப்பதற்குக் காரணம் உண்டு. 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தத்தின்படி, தேசிய பாடசாலைகள் நீங்கலாக ஏனைய பாடசாலைகளின் பரிபாலனம் மாகாணத்துக்கு உரியது. ஆனால், கிழக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2017ஆம் ஆண்டு செப்டெம்பரிலும் வடக்கு மாகாணசபையின் பதவிக்காலம் 2018ஆம் ஆண்டு ஒக்டோபரிலும் முடிந்துபோயின. அதன்பின் ஆண்டுகள் பலவாக, மக்கள் தெரிந்தெடுத்த கல்வியமைச்சர் ஒருவர் இன்றியே ஆளுநரின் கீழ் உத்தியோகத்தர்கள் நம் பாடசாலைகளை நடத்தி வந்தனர். அவருள் நல்லவர் பலர் உளர். அதனை நாம் மறுக்கவில்லை. எனினும், அவரை வினாவுதற்குரிய மக்கள் மன்றம் இல்லை. மேலே வாயில் அடைபட்டிருக்கும் காலத்தில், கீழே திறந்திருக்கும் சிறு சாளரத்தையும் நாமே சாத்திவிடலாமா?

இப்பாடசாலைகள் வானத்தில் இருந்து வந்தவையல்ல. வண்ணார்பண்ணையிலே ஆறுமுகநாவலர் 1848ஆம் ஆண்டிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது அரசாங்கம் அவருக்கு ஒரு செங்கல்லும் கொடுக்கவில்லை. 1923ஆம் ஆண்டில் எழுந்த சைவ வித்தியா விருத்திச் சங்கம், 'இந்துபோட்' இராசரத்தினம் அவர்களின் அயரா உழைப்பினால், நூற்றுக்கு மேற்பட்ட பாடசாலைகளை ஊர்தோறும் நிறுவிற்று. மிசனரிமார் நிறுவியவையும் அப்படியே; நிலம் ஈந்தவன், மரம் தறித்தவன், கிடுகு பின்னிக் கூரை வேய்ந்தவள் யாவரும் நம் ஊரவரே. சட்டியில் இருந்து ஒரு பிடி அரிசியை நாடோறும் எடுத்து வைத்துப் பாடசாலையை வளர்த்த தாய்மாரின் பெயர்கள் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. 1960ஆம் 1961ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. மனேசர்மாரின் தனியாட்சி ஒழிந்தது; அதனால் ஆசிரியர் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டனர் என்பதும் உண்மையே. ஆனால், மனேசரோடு சேர்ந்து ஊரின் கையும் பாடசாலையில் இருந்து விலகிற்று. 'அது கவர்மெந்துப் பள்ளிக்கூடம். நமக்கென்ன' என்ற பேச்சு அன்று தொடங்கியது. அந்தக் கை மீண்டும் உள்ளே நுழைவதற்குக் கிடைத்த வழிதான் இப்பொதுக்கூட்டம்.

ஆகவே, அக்கூட்டத்தில் முன்மொழியப்படுபவர் எத்தகையோர் என்பதைப் பெற்றோர் நிறுத்துப் பார்க்க வேண்டும். நம் ஊர்களில் வழக்கமாய் எழும் பெயர்களைச் சற்று ஆராய்வோம்.

முதலில் எழுவது கொடையாளியின் பெயர். வெளிநாட்டில் இருக்கும் உடன்பிறந்தார் மூலமோ, பழைய மாணவர் கிளைகள் மூலமோ, தம் சொந்தக் கையாலோ பாடசாலைக்குப் பணம் கொணரத்தக்கவர். இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் பனியில் நின்று உழைத்தோர் தாம் படித்த பள்ளியை மறவாது அனுப்பும் பணத்தை நாம் தலைவணங்கி ஏற்கின்றோம். போரில் தரைமட்டமான எத்தனையோ கட்டடங்கள் அப்பணத்தால் எழுந்தன. ஆயினும், பணம் கொடுப்பவர் வேறு. கணக்குக் கேட்பவர் வேறு. கொடுத்தவரே கேட்பவராகவும் அமரும்போது அவர் எதனைக் கேட்பார்? தம் தந்தையாரின் பெயர் வாயில் வளைவில் ஒழுங்காய்ப் பொறிக்கப்பட்டதா என்று கேட்பார். திறப்புவிழாவுக்கு எவர் பிரதம விருந்தினர் என்று கேட்பார். வளைவு ஒன்று எழும்பிய பாடசாலையில், அதன் கீழே நடந்து செல்லும் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்க ஆள் இல்லாதிருப்பதை நாம் கண்டிருக்கின்றோம். வளைவு நன்கொடையால் வரும். ஆசிரியர் நன்கொடையால் வாரார். கேட்டுப் பெற வேண்டியவர் அவர். கொடையாளியைப் பொன்னாடை போர்த்திக் கௌரவியுங்கள். வேண்டாமென்று எவர் சொன்னார்? வாக்கை வேறு இடத்தில் வையுங்கள்.

அடுத்து எழுவது பழைய மாணவரின் பெயர். கல்லூரிக் கீதத்தைக் கேட்டதும் கண் கலங்குபவர். கிரிக்கெற் போட்டிக்கு முன்னின்று உழைப்பவர். அவர் பாசத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், அவரிடம் ஒரு வினாவை மரியாதையோடு கேட்க வேண்டும்: 'ஐயா, தங்கள் பிள்ளை எங்கே படிக்கின்றது?' தம் பிள்ளையை விடியற்காலையில் நகரத்துப் பெரிய கல்லூரிக்கு வாகனத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஊர்ப் பாடசாலையின் சங்கத்தில் அமர்ந்து அதன் பெருமை பேசுவோர் நம்மிடையே உளர். நகருக்கு அனுப்புவது குற்றம் என்று நாம் கூறமாட்டோம். பிள்ளையின் எதிர்காலம் பெற்றோரின் உரிமை. எனினும், கிணற்று நீரைத் தாம் குடிக்காதவர் அதன் உப்பை எவ்வாறு அறிவார்? இப்பாடசாலையிற் படிக்கும் பிள்ளை மாலையில் வீடு வந்து 'இன்றைக்கும் மூன்று பாடத்துக்கு ஆசிரியர் வரவில்லை' என்று சொல்வதைக் கேட்பவருக்கே அந்த வலி தெரியும்.

மூன்றாமவர் ஒப்பந்தக்காரர். அவரே நேரில் வருவதுமுண்டு, மைத்துனரை அனுப்புவதுமுண்டு. பாடசாலைக்குக் கட்டட வேலை வருகின்றது என்ற செய்தி எட்டியதும் இவருக்குக் கல்வியின்மேல் எல்லையற்ற பற்று உண்டாகும். இவரைப் பற்றி அதிகம் கூறி எமது பத்தியை வீணாக்க விரும்பவில்லை. வேலையை எடுப்பவர், அவ்வேலையைப் பார்த்துக் கையொப்பம் இடும் குழுவில் இருத்தல் ஆகாது. அவ்வளவே.

கட்சிக்காரரின் பெயரும் எழும். இதழ் ஒன்றை அரசியலுக்கென்றே நடத்தும் நாம் அரசியலைத் தீண்டாப் பொருள் என்று சொல்வது நகைப்புக்கிடமாகும். கட்சியில் இருக்கும் ஒரு தந்தைக்குத் தன் பிள்ளையின் பாடசாலையிற் பேசும் உரிமை இல்லையென எவரும் கூறார். ஆனால், பாடசாலைச் சங்கத்தை அடுத்த பிரதேசசபைத் தேர்தலுக்குப் படிக்கட்டாய்க் கொள்ள நினைப்பவர் எக்கட்சியினராயினும், எமக்கு உவப்பான கட்சியினரேயாயினும், அவருக்கு வாக்களியாதீர் என்பதே எமது சொல்.

இனி, பத்து ஆண்டுகளாய் அதே நாற்காலியில் இருக்கும் செயலாளர். அவர் கெட்டவர் அல்லர். அறிக்கையை அழகாக வாசிப்பார். அதிபருக்கு உகந்தவர், கல்விக் கந்தோரில் அவரைத் தெரியாதார் இல்லை. 'இவரைவிட்டால் ஆர் செய்வது?' என்று கூட்டமே கேட்கும். இக்கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவர் கூட்டத்தில் இருப்போரே. ஒருவரன்றி வேறொருவராலும் ஆகாதென்ற நிலை ஒரு சங்கத்துக்கு வந்துவிட்டதாயின், அது அவருடைய திறமைக்குச் சான்றன்று. ஏனையோரின் உறக்கத்துக்கே சான்று.

அப்படியாயின் வாக்கு எவருக்கு? எமது வாசகரில் இரு பகுதியினர் உளர். ஒரு பகுதியினர் வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, கணக்காளர், ஆசிரியர் முதலிய கற்றோர். மற்றப் பகுதியினர் கமக்காரர். இவ்விரு பகுதியினரும் பாடசாலைக் கூட்டத்தில் எவ்வாறு நடந்துகொள்கின்றனர் என்பதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இவ்விடயத்தின் கரு அங்கேதான் இருக்கின்றது.

கற்றோர் பெரும்பாலும் கூட்டத்துக்கு வருவதேயில்லை. அவர்க்கு நேரமில்லை. மனைவியை அனுப்புவர், அல்லது சந்தாப் பணத்தைப் பிள்ளையின் கையிற் கொடுத்துவிடுவர். குறையிருந்தால் அதிபரைத் தொலைபேசியில் அழைத்துத் தம் பிள்ளையின் காரியத்தை மட்டும் முடித்துக்கொள்வர். பிள்ளைக்குக் கணிதம் வரவில்லையா? தனியார் வகுப்பு இருக்கின்றது. பாடசாலையில் ஆசிரியர் இல்லாமை அவரைச் சுடுவதில்லை. பணத்தினால் அந்த வெப்பத்தை ஆற்றிக்கொள்ள அவரால் முடிகின்றது. ஆனால், வரவுசெலவுக் கணக்கை ஒரு பார்வையிற் படித்து ஓட்டை எங்கே என்று காணத்தக்க கண் அவரிடமே இருக்கின்றது. அந்தக் கண்ணை அலுவலகத்திலேயே கழற்றி வைத்துவிட்டு வருகின்றார்.

கமக்காரரோ கூட்டத்துக்கு வருகின்றார். வந்து பின்வரிசையில், கதவோரம் இருக்கின்றார். இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது, தண்ணீரை எந்த வாய்க்காலுக்கு எந்நாளில் விடுவது என்று தீர்மானிக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் இதே மனிதர் பேசுவதைக் கேட்டிருக்கின்றோம். அரசாங்க அதிபரானாலென்ன, நீர்ப்பாசனப் பொறியியலாளரானாலென்ன, 'போன முறை கடைமடைக்குத் தண்ணீர் வரேல்லை ஐயா. அதுக்கு ஆர் பொறுப்பு?' என்று எழுந்து நின்று கேட்பார். அக்கேள்விக்கு விடை வாங்காமல் இருக்கமாட்டார். அந்த வாய் பாடசாலை மண்டபத்துள் நுழைந்ததும் எவ்வாறு அடைபட்டுப் போகின்றது? 'நமக்குப் படிப்பில்லை, படிச்ச ஆக்கள் பேசட்டும்' என்கின்றார். படித்தவரோ வரவேயில்லை. இவ்வாறாக, வந்தவர் பேசாமலும் பேசத்தக்கவர் வாராமலும் இருக்க, முன்வரிசையில் இருக்கும் நால்வர் பாடசாலையின் காரியத்தைத் தீர்மானிக்கின்றனர்.

கமக்காரப் பெருமக்களுக்கு நாம் ஒன்றை நினைவூட்டுவோம். அக்காலத்தில் வயல்வெளிக்கு வட்டவிதானையைத் தெரிவு செய்தபோது நம் முன்னோர் எதனைப் பார்த்தனர்? ஆளின் சால்வையைப் பார்க்கவில்லை. நள்ளிரவில் வான் பாய்ந்தால் எழுந்து ஓடுவானா, தன் வயலுக்கு முதலில் தண்ணீர் கட்டிவிட்டு அயல் வயலைக் காயவிடுவானா, கடைசித் துண்டுக் காணிக்காரனின் முறைப்பாட்டையும் கேட்பானா என்றே பார்த்தனர். இந்த அளவுகோல் பாடசாலைக்கும் முற்றும் பொருந்தும். பாடசாலையிலும் தலைமடை உண்டு, கடைமடை உண்டு. புலமைப்பரிசிலிற் சித்தியடையக்கூடிய பத்துப் பிள்ளைகளுக்கு விசேட வகுப்பு, விசேட கவனம், பத்திரிகையிற் படம். எழுத்துக் கூட்ட முடியாமல் ஐந்தாம் வகுப்புவரை வந்துவிட்ட பிள்ளைக்கு யாது உண்டு? அப்பிள்ளையின் பெயரைக் கூட்டத்திற் சொல்லக்கூடியவர் எவரோ அவரே வாக்குக்கு உரியவர். அவர் ஆங்கிலம் அறிந்தவராயிருக்க வேண்டியதில்லை.

தாய்மாரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் கூட்டங்களில் நூற்றுக்கு எழுபதின்மர் பெண்களாய் இருப்பினும், தெரிவாகும் பெயர்களைப் படித்தால் அது ஆண்களின் சங்கமோ என்று ஐயம் எழும். போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின், வன்னியில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெண்களே தலைமை தாங்கி நடத்துகின்றனர். காணி உறுதிக்கும், வீட்டுத்திட்டத்துக்கும், காணாமற்போன கணவனுக்குமாகக் கந்தோர் கந்தோராய் ஏறி இறங்கி, எந்த மேசையில் எந்தக் கடதாசி நிற்கின்றது என்பதை அறிந்தவர்கள் அவர்கள். பாடசாலைக்கு ஆசிரியர் ஒருவரைக் கேட்டு வலயக் கந்தோரின் படியேறுதற்கு இவர்களிலும் தகுதியுடையவர் எவர்? தேநீர் பரிமாறும் உபகுழுவுக்கு மட்டும் அவர்களைத் தெரிவு செய்யும் வழக்கத்தை நாம் வெறுக்கின்றோம்.

மற்றொன்றைப் பூசி மெழுகாமற் சொல்லிவிடுகின்றோம். சில ஊர்களில் வேட்பாளரின் பெயரைக் கேட்டதும், 'ஆற்றை பிள்ளை? எந்தப் பகுதி?' என்று மெல்லிய குரலில் விசாரணை நடக்கின்றது. 1920களின் இறுதியில், உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர வேண்டுமென்ற கட்டளை வந்தபோது, யாழ்ப்பாணத்தில் அதனை எதிர்த்து மனுக் கொடுத்தோரும் இருந்தனர்; பாடசாலைக் கொட்டில்களுக்குத் தீ மூட்டியோரும் இருந்தனர். வெட்கப்படத்தக்க அந்த வரலாறு நம்முடையதே. பிறர் நமக்கு இழைத்ததன்று. பிள்ளைகள் இன்று ஒரே வாங்கில் இருக்கின்றனர். அவர்தம் பெற்றோரோ, செயற்குழுவின் வாங்கில் ஒருவர் பக்கத்தில் ஒருவர் அமர இன்னும் கணக்குப் பார்க்கின்றனர். நம் உரிமைக்காக உலகெங்கும் முறையிடும் நாம், நமது பாடசாலை மண்டபத்துள் அடுத்தவனின் உரிமையை மறுத்துவிட்டு எம்முகத்தோடு முறையிடுவது?

வாக்களிக்காமல் இருப்பதனால் என்ன நட்டம் என்று கேட்போர் உளர். 1931ஆம் ஆண்டிற் சர்வசன வாக்குரிமை முதன்முதல் வந்தபோது யாழ்ப்பாணம் தேர்தலைப் பகிஷ்கரித்தது, நோக்கம் உயர்ந்தது. ஆனால், 1934ஆம் ஆண்டின் இடைத்தேர்தல்வரை நம் ஆசனங்கள் அரசாங்க சபையில் வெறுமையாய்க் கிடந்தன. மற்றையோர் தீர்மானங்களை நிறைவேற்றிக்கொண்டனர். அதிலேனும் ஒரு கொள்கை இருந்தது. பாடசாலைக் கூட்டத்துக்கு வாராமையிற் சோம்பலைத் தவிர வேறென்ன இருக்கின்றது?

தூரத்து உதாரணம் ஒன்றும் தருவோம். அமெரிக்காவின் நியூயோர்க் நகரத்திலே, பாடசாலைகள் மத்திய கந்தோரின் கையில் இருந்து பெற்றோரின் கைக்கு வரவேண்டும் என்று கறுப்பினப் பெற்றோரும் புவேர்ட்டோ ரிக்கோப் பெற்றோரும் கடும் போராட்டம் நடத்தினர். 1968ஆம் ஆண்டில் அதனையொட்டி நகரத்து ஆசிரியர் வேலைநிறுத்தமே செய்தனர். 1969ஆம் ஆண்டின் சட்டம் நகரத்தைப் பிரித்துச் சமூகப் பாடசாலைச் சபைகளை அமைத்தது. பின்னர் அவை முப்பத்திரண்டாயின. ஒவ்வொன்றுக்கும் ஒன்பது உறுப்பினர். 1970இல் முதல் தேர்தல். அந்நாட்டின் குடியுரிமை இல்லாத பெற்றோரும் அதில் வாக்களிக்கலாம் என்றது சட்டம். குடியுரிமைச் சட்டத்தினால் 1948ஆம் ஆண்டில் மலையகத் தமிழர் பட்ட பாட்டை அறிந்த நமக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும். ஆனால் நடந்தது என்ன? பெற்றோர் வீட்டில் இருந்துவிட்டனர். தொழிற்சங்கங்களும் கட்சிக் குழுக்களும் தத்தம் பட்டியலோடு வந்து ஆசனங்களை நிரப்பின. சில சபைகளிற் பதவிகள் வேண்டியவருக்கு வழங்கப்பட்டன. ஊழல் வழக்குகள் எழுந்தன. 1990களின் இறுதியில் வாக்காளரில் நூற்றுக்குப் பதின்மர்கூட வாக்களிக்க வரவில்லை. 1996ஆம் ஆண்டிற் சபைகளின் நியமன அதிகாரம் பறிக்கப்பட்டது. 2002ஆம் ஆண்டின் சட்டம் அவற்றைக் கலைத்து, பாடசாலைகளை நகர முதல்வரின் கையில் ஒப்படைத்தது. போராடிப் பெற்ற உரிமை, பாவிப்பார் இன்மையால் முப்பது ஆண்டுகளிற் போயிற்று. பாவிக்காத கிணற்றை எவனும் மூடிவிடலாம். கேட்பதற்கு ஆள் வாரான்.

நம் கூட்டங்களுக்குத் திரும்புவோம். வேட்பாளரிடம் பெற்றோர் என்ன கேட்கலாம்? சென்ற ஆண்டின் வரவுசெலவுக் கணக்கைச் சங்கம் அறிவித்தற் பலகையில் ஒட்டியதா. ஒட்டவில்லையாயின், தெரிவான முதல் மாதத்திலேயே ஒட்டுவிப்பீரா என்று கேளுங்கள். வெற்றிடமாயிருக்கும் ஆசிரியப் பதவிகளின் பட்டியல் உம்மிடம் உண்டா என்று கேளுங்கள். பணம் கட்ட இயலாத குடும்பத்துப் பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிறுத்துவதை எதிர்ப்பீரா என்றும் கேளுங்கள். இறுதிக் கேள்வியை நாம் அழுத்திச் சொல்கின்றோம். கன்னங்கராவின் முயற்சியினால் 1945ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிற் கல்வி இலவசம். ஆயினும் வசதிக் கட்டணம், சங்கச் சந்தா, வர்ணப்பூச்சுப் பணம், திரைச்சீலைப் பணம், விளையாட்டுப்போட்டிப் பணம் என்று பெயர் பெயராய் அறவிடப்படும் காசு, கூலிக்குப் போகும் தந்தையின் மடியைக் கரைக்கின்றது. முதலாம் வகுப்பு அனுமதிக்குப் பணம் வாங்கக் கூடாதென்று அமைச்சு சுற்றுநிருபம் மேற் சுற்றுநிருபம் அனுப்பியும், அதிபர்மார் இலஞ்ச ஒழிப்பு ஆணைக்குழுவினரிடம் அகப்பட்ட செய்திகளை நாட்டின் பல பாகங்களில் இருந்தும் படித்து வருகின்றோம். கேள்விக்கு விடை சொல்ல மறுப்பவரும், 'அதெல்லாம் அதிபர் பார்த்துக்கொள்வார்' என்று சிரித்து மழுப்புபவரும் அவ்விடையினாலேயே தம்மை யாரென்று காட்டிக்கொள்கின்றனர்.

இவ்வாறு கேள்வி கேட்கத் தொடங்கினால் பாடசாலை சண்டைக்களமாகிவிடும் என்று அதிபர்கள் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சம் முற்றிலும் வீணானதன்று. ஆசிரியரின் நடை உடைகளையும் பாடம் நடத்தும் முறையையும் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துக் குறை சொல்வதே அலுவலாய்க்கொண்ட பெற்றோரும் இருக்கின்றனர். அவர்களைச் செயற்குழுவுக்கு அனுப்புவது ஆசிரியருக்குச் செய்யும் அநீதி. வகுப்பறைக்குள் ஆசிரியரே அரசர். அங்கே சங்கத்துக்கு வேலையில்லை. ஆனால், கணக்குக் கேட்டாற் சண்டை வருமென்று ஓர் அதிபர் சொல்வாராயின், சண்டைக்குரிய கணக்கு ஒன்று அங்கே இருக்கின்றதோ என்று கேட்கத் தோன்றுகின்றது. நேர்மையான அதிபருக்கு, கேள்வி கேட்கும் பெற்றோரைப் போன்ற துணை வேறில்லை. கணித ஆசிரியரை வேண்டி அதிபர் எழுதும் பத்துக் கடிதங்கள் வலயக் கந்தோரில் கோவைக்குள் உறங்கும். பெற்றோர் இருபதின்மர் ஒரு திங்கட்கிழமை காலை வரிசையாய்ச் சென்று பணிப்பாளரின் வாசலில் அமைதியாய் அமர்ந்தால் அக்கோவை விழித்துக்கொள்ளும்.

வன்னியின் உட்புறத்திலும் தீவுப்பகுதிகளிலும் இருக்கும் சிறு பாடசாலைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆசிரியர் நியமனம் பெற்று வருவர். வந்த நாள் முதல் இடமாற்றத்துக்கு விண்ணப்பிப்பர். ஆசிரியர் இல்லையென்று பிள்ளைகள் நகருக்குப் போவர்; பிள்ளைகள் இல்லையென்று ஆசிரியரை எடுப்பர். மாணவர் தொகை ஐம்பதிலும் குறைந்த பாடசாலைகளை மூடுவதா இணைப்பதா என்ற பேச்சு அடிக்கடி எழுகின்றது. கொழும்பில் இருந்து வரைபடத்தைப் பார்ப்பவருக்கு அது ஒரு புள்ளி. பஸ் ஓடாத வீதியில் ஆறு வயதுப் பிள்ளையை ஐந்து மைல் நடத்திச் செல்லவேண்டிய தாய்க்கு அது புள்ளியன்று. தம் பாடசாலையின் மாணவர் தொகை, வெற்றிடம், போக்குவரத்து நிலை ஆகியவற்றை எழுத்தில் வைத்திருந்து, கேட்டவுடன் எடுத்து நீட்டக்கூடிய செயலாளர் ஒருவர் அத்தகைய ஊருக்கு எத்தனை மண்டபங்களிலும் மேலானவர்.

பொதுக்கூட்டத்தின் நாளைப் பற்றியும் அதிபர்களிடம் ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். தை மாசிக் காலம் காலபோக அறுவடைக் காலம். வெட்டு இயந்திரம் எந்நாளில் தன் வயலுக்கு வருமென்று கமக்காரர் காத்திருக்கும் அந்த நாட்களில், வேலைநாள் காலை ஒன்பது மணிக்குக் கூட்டம் வைத்தால் எவர் வருவர்? மலையகத்திற் கொழுந்து பறிக்கும் தாய், கூட்டத்துக்கு வருவதாயின் ஒரு நாட் சம்பளத்தை இழக்கின்றாள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலுக்குக் கூட்டத்தை மாற்றுங்கள். அழைப்புக் கடிதத்தைப் பிள்ளையின் புத்தகப் பைக்குள் முதல் நாள் மாலை திணிக்காமல், இரண்டு கிழமைக்கு முன்னரே, சென்ற ஆண்டின் கணக்கையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரு பதவிக்கு இருவர் பெயர் எழுந்தால், கையுயர்த்தச் சொல்லாமல், துண்டுக் கடதாசியில் எழுதிப் பெட்டியில் இடச் செய்யுங்கள். கடன் கொடுத்த கடைக்காரரின் கண் முன்னே அவருக்கு எதிராய்க் கையுயர்த்த ஏழையால் இயலாது. பெட்டிக்குச் சுண்ணக்கட்டி வந்த வெறும் மட்டைப்பெட்டி போதும்.